ஞாயிறு ஒன்றேகாலிலிருந்து செவ்வாய் பத்து ஐந்து வரை

இல்லை, ஜோசபினைக் கழுத்தைப் பிடித்து யாரும் வெளியே தள்ளவில்லை. சந்திரம்மா இன்னும் நூறு பேரிடம் சொல்லட்டும், மாவு மில் வாசலில் நின்றே சொல்லட்டும், நடக்காதது நடந்ததாக ஆகிவிடாது.

“பேஷண்ட் லிஸ்டையே வித்துட்டாளாம். கேட்ல செக்யூரிட்டி பையப் பிரிச்சுப் பாத்தானாம். எங்க ஸ்னேஹா கண்ணால பாத்தா.”

ஸ்னேஹா சந்திரம்மாவின் தங்கை மகள். வைட்ஃபீல்டில் ஜோசபின் வேலை பார்த்த அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. அவள் பார்த்தது பையைத் திறந்ததை மட்டும். அது உண்மைதான். பையில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, அவள் பெரியம்மாவுக்கும் தெரியாது. தெரியாத இடத்தையெல்லாம் சந்திரம்மா தன் வாயால் நிரப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காரணம் சிவாஜிநகரில் டாக்டர் சுப்ரமணியனின் கிளினிக் சுவரில் ஒட்டிய ஒரு காகிதம். கன்னடத்தில், தமிழில், உருதுவில், ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ‘ஞாயிறு மதியம் 1.15 முதல் செவ்வாய் காலை 10.05 வரை எங்கள் நோயாளிகளின் பதிவேடு வெளியாட்கள் தட்டக்கூடிய நிலையில் திறந்திருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. கேட்க வேண்டியவர்கள் டாக்டரை நேரில் கேட்கலாம்’ என்று. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்ல, எங்கள் ஒக்கலிபுரத்துக்கு அது வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை.

அது வலிப்பு பார்க்கிற கிளினிக். அங்கே போகிறவர்கள் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்க மாட்டார்கள். பஸ் ஏறிப்போய் சிவாஜிநகரில் வாங்கி, பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குள் வைப்பார்கள். வலிப்பு என்ற ஒரு சொல் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் போதும், பேசி முடித்த சம்பந்தமும் நின்றுபோகும். இந்தத் தெருவிலேயே மூன்று வீட்டுப் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு வீட்டில் தை மாதம் கல்யாணம். எந்த வீடு என்று கேட்க வேண்டாம். ஜோசபின் வாயிலிருந்து வராதது இந்த வாயிலிருந்தும் வராது.

ஆகவே பயம் நியாயம்தான். பழி மட்டும் நியாயமில்லை. அதற்கு அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் அவள் யார் என்று தெரிய வேண்டும்.

ஜோசபின் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா டேவிட் சுரங்க வாசலில் டோக்கன் ஜன்னலில் வேலை பார்த்தார். கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் அடித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் தன் வில்லையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் இன்னும் கீழேதான். அவனுக்கு அவன் வில்லை மட்டும்தான் கணக்கு. சுரங்கம் மூடியபோது ஜோசபினுக்கு இருபது வயது. அப்பா ஒரு வில்லையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 317. அந்த நம்பர் யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வருடமே அவள் விடிகாலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினாள். டைப் அடிக்கிற வேலை. காகிதத்தில் இருப்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பிறகு ஏற்றியதைச் சரிபார்ப்பது, பிறகு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பட்டம் இல்லாமலேயே டேட்டாபேஸ் பார்க்கிறவளாக ஆனாள். கல்யாணமானதும் ஒக்கலிபுரத்தில் குடித்தனம். புருஷன் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் தீபிகா கோலாரில் நர்ஸிங் படிக்கிறாள்.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம். சாதாரணமாகப் பூட்டியே இருக்க வேண்டிய எதையாவது கொஞ்ச நேரத்துக்குத் திறந்தால், அந்த 317 வில்லையைத் தன் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மாட்டுவாள். மூடிய பிறகே கழற்றுவாள். கழற்றாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். “மைனிங் மேடம் இன்னும் மேல வரல போல” என்று ஆபீசின் சின்னப் பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள். “நீங்க போங்கப்பா, நான் லிஃப்ட் புடிச்சு வரேன்” என்பாள். கோபப்பட மாட்டாள்.

டாக்டர் சுப்ரமணியனின் முப்பது வருடப் பதிவேடு கிளினிக்கின் பின்னறையில் ஒரு பழைய சர்வரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது ஜோசபினின் கம்பெனி. மழைக்காலத்தில் அந்த அறையில் தண்ணீர் ஒழுகியது. சர்வர் இரண்டு முறை நின்றுபோய்த் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. இன்னொரு முறை நின்றால் எழுந்திருக்காது என்று ஜோசபினே சொல்லியிருந்தாள். அதனால் எல்லாவற்றையும் இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு டேட்டாபேஸுக்கு மாற்ற முடிவாயிற்று. மொத்தம் பதினோராயிரத்து இருநூற்றாறு பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், விலாசம், எத்தனை வயதில் முதல் வலிப்பு வந்தது, என்ன மாத்திரை, கூட யார் வருகிறார்கள், வீட்டில் யாருக்குத் தெரியாது என்பது வரை.

அந்த வாடகை டேட்டாபேஸ் வெளியுலகத்தோடு பேசாது. அதைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிளினிக் தினமும் பேர் தேடுவதற்குத் தனியாக ஒரு உள்வழி உண்டு, அதில் மொத்தமாக ஏற்ற முடியாது. பழையதை உள்ளே ஏற்ற வேண்டுமென்றால் வெளி அணுகல் என்று ஒன்றை அந்த நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு லைனுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு முகவரி உண்டு. இந்த ஒரு முகவரியிலிருந்து வருகிறவரை மட்டும் விடு என்று சொல்லி, ஏற்றி முடித்து, உடனே மூட வேண்டும். ஏற்றுவது மூன்று மணி நேர வேலை. கிளினிக்குக்கு விடுமுறை ஞாயிறு. திங்கள் காலை எட்டு மணிக்கு முதல் டோக்கன் கூப்பிடும்போது புதியது ஓட வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஜோசபின் கிளினிக்கில் உட்கார்ந்தாள். முதலில் பாஸ்வேர்டைப் பார்த்தாள். அவள் மேலதிகாரி விஜய்குமார் வைத்தது. கிளினிக் பெயரும் பக்கத்தில் வருடமும். ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கிற எவனும் கண்டுபிடிப்பான். அதை எடுத்துவிட்டு, தலையும் வாலும் புரியாத நீளமான ஒன்றை வைத்தாள். வில்லையை மாட்டினாள். கிளினிக் லைனுக்கு மட்டும் வழி விட்டு ஏற்றத் தொடங்கினாள்.

பத்து இருபதுக்குக் கரண்ட் போய் வந்தது. சர்வருக்கு பாட்டரி இருந்தது, லைனுக்கு இல்லை. லைன் திரும்பி வந்தபோது வேறு முகவரியோடு வந்தது. வாடகை டேட்டாபேஸ் அவளைத் தெரியாதவள் என்று திருப்பி அனுப்பிற்று. பாதி ஏறியதைத் துடைத்து, பழைய முகவரியை எடுத்துவிட்டு, புது முகவரியைச் சேர்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பன்னிரண்டரைக்கு மறுபடியும் கரண்ட் போயிற்று. இந்த முறை மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. பின்னறையில் பழைய சர்வரின் விசிறி விட்டு விட்டு உறுமியது.

விஜய்குமார் போனில் வந்தான். வயதில் பத்து வருடம் சின்னவன், கெட்டவன் இல்லை, அவசரக்காரன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். அன்று அவன் மகனுக்குப் பிறந்தநாள்.

“ஜோசபின், எத்தன வாட்டி முதல்லருந்து போடுவீங்க? முகவரியெல்லாம் பாக்காதீங்க. எல்லாருக்கும் ஓப்பன் பண்ணி விடுங்க. ஒரு மூணு மணி நேரம்தானே.”

“எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான் விஜய். உலகம் பூரா வந்து தட்டும்.”

“யார் வரப்போறாங்க? இது சின்ன கிளினிக். பேங்க்கா?”

“பேங்க்ல பணம் போனா திரும்பக் குடுப்பாங்க. இது போனா எதக் குடுப்பீங்க? நான் டிஸ்க்ல காப்பி எடுத்துக்கினு நம்ம ஆபீசுக்கு வரேன். அங்க லைன் நம்பர் மாறாது.”

“சிவாஜிநகர்லருந்து வைட்ஃபீல்டா? நாளைக்கு எட்டு மணிக்கு ஓடலன்னா டாக்டர் என்னத்தான் கேப்பார்.”

“நான் கெளம்பிட்டேன்” என்று அவள் போனை வைத்தாள். கிளினிக் முகவரியை எடுத்துவிட்டு, காப்பி எடுத்த டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி, வில்லையோடு சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, ஆட்டோ பிடித்துக் கப்பன் பார்க் மெட்ரோவுக்கு வந்தாள்.

அவள் ஆட்டோவில் இருந்த நேரத்தில், சரியாக ஒன்றேகாலுக்கு, விஜய்குமார் வீட்டிலிருந்தபடியே, யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலில் ஒரு வரி சேர்த்தான். எல்லோருக்கும் வழி. அவள் வழியில் மாட்டிக்கொண்டால் அங்கிருந்தே ஏற்றச் சொல்லலாம் என்பது அவன் எண்ணம். அவளிடம் சொல்லவில்லை. கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போனான். மறந்தும்போனான்.

மெட்ரோவில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு குழந்தை பையைத் தொட்டுப் பார்த்தபோது சட்டென்று இழுத்துக்கொண்டாள், அதன் அம்மா ஒரு மாதிரிப் பார்த்தாள். பதினோராயிரம் வீட்டுப் படுக்கையறைப் பேச்சு மடியில் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

ஆபீசில் ஒருவரும் இல்லை. உட்கார்ந்தாள், வில்லையை மாட்டினாள். ‘இந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைச் சேர்’ என்று திரையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். ஏற்றினாள். ஐந்தரைக்கு முடிந்தது. பழையதிலும் புதியதிலும் எண்ணிக்கை பார்த்தாள். இரண்டிலும் பதினோராயிரத்து இருநூற்றாறு. ‘இந்த முகவரியை எடு’ என்ற பொத்தானை அழுத்தினாள். ஐந்து நாற்பதுக்கு வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முழுப் பட்டியலையும் அவள் திறந்து பார்க்கவில்லை. தன் வரியைச் சேர்த்தாள், தன் வரியை எடுத்தாள். இதுதான் அவள் செய்த தப்பு. தப்பே இல்லை என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் புதியது ஓடிற்று. டாக்டரே போன் செய்து நல்லா இருக்கும்மா என்றார். செவ்வாய் காலை ஒன்பதே முக்காலுக்குக் கிளினிக் ரிசப்ஷனிலிருந்து ரக்ஷிதா கூப்பிட்டாள்.

“மேடம், நேத்து மத்தியானத்துலருந்தே ஸ்லோ. ஒரு பேர் அடிச்சா வர்றதுக்குள்ள பேஷண்ட் திட்றாங்க.”

“எத்தன பேர் உபயோகிக்கிறீங்க?”

“நானும் டாக்டரும்தான் மேடம்.”

இரண்டு பேருக்கு அது திணற வேண்டிய காரணமே இல்லை. யார் யார் வந்து போகிறார்கள் என்ற பதிவை ஜோசபின் திறந்தாள். திரை ஓடிக்கொண்டே இருந்தது. தெரியாத முகவரிகள், தெரியாத நாடுகள். பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு. நாற்பத்தோராயிரம் முறை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஏறிற்று. பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு வரி, எல்லோருக்கும் வழி, ஞாயிறு 1.15. சேர்த்தவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது.

பத்து ஐந்துக்கு மூடினாள். பிறகும் அவள் கை மவுசிலிருந்து எழவில்லை. தட்டியவர்களில் யாராவது உள்ளே வந்தார்களா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு 1.15லிருந்து ஒவ்வொரு வரியாக வந்தாள். அந்த மூன்று வீடும் நினைவுக்கு வந்தன. தை மாதம் நினைவுக்கு வந்தது. பந்தல் வாடகைக்குச் சொல்லிவிட்டதாக முந்தின வாரம்தான் அந்தப் பெண்ணின் அம்மா குழாயடியில் சொல்லியிருந்தாள். இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்த்தாள். உள்ளே வந்தவர்கள் கிளினிக்கும் அவளும் மட்டும். ஞாயிறு காலை மாற்றிய அந்தப் பாஸ்வேர்டு தாக்குப்பிடித்திருந்தது. விஜய்குமார் வைத்த பழையது என்னவாகியிருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். தேடிப் பார்த்தாள். வந்து முட்டியவர்களில் ஒருவன் அதே கிளினிக் பெயரையும் அதே வருடத்தையும் திங்கள் மதியம் மூன்று மணிக்குப் போட்டுப் பார்த்திருந்தான்.

விஜய்குமார் அவள் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

“யாரும் உள்ள வரல இல்ல? அப்புறம் என்ன. முடிஞ்சுபோச்சு.”

அன்று நாலு மணிக்கு டாக்டரிடம் வேலை முடிந்த பத்திரம் கொடுக்க வேண்டும். அவன் ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தான். ஏழாவது வரி: தற்காலிக வெளி அணுகல் ஞாயிறு திறக்கப்பட்டு அன்றே மூடப்பட்டது. கீழே ஜோசபின் கையெழுத்துக்கு இடம். ஏற்றியவள் அவள்தானே.

அவள் பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: ஞாயிறு 1.15 முதல் செவ்வாய் 10.05 வரை எல்லோருக்கும் திறந்திருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

“இன்னா மேடம் இது?” அவன் இது வரை அவளை மேடம் என்றதில்லை. “இதக் குடுத்தா அவர் நம்மள நாளைக்கே நிறுத்துவார். அடுத்து வர்ற ரெண்டு ஆஸ்பத்திரியும் போச்சு.”

“இருக்கறத எழுதியிருக்கேன்.”

“யாருக்கு நஷ்டம் சொல்லுங்க. ஒருத்தரோடது போச்சா? வெறுமனே பயமுறுத்தறீங்க. அந்த வரிய சேத்தது நான்னு வேற போட்டு என்னக் காட்டிக் குடுக்கப் போறீங்களா?”

“உங்க பேரு எங்க இருக்கு அதுல? பாருங்க. நான் பாக்காம வில்லையக் கழட்டினேன். அது என் தப்பு.”

“வில்லை வில்லைன்னு.” அவன் வேறு ஒரு பிரதி அச்செடுத்து வந்து மேஜையில் வைத்தான். குரல் இறங்கியிருந்தது. “இதுல போடுங்க. போடலன்னா நாளைக்கு வர வேணாம்.”

ஜோசபின் அந்தத் தாளைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருடம் வைத்த கையெழுத்து. எங்கெங்கேயோ, எந்தெந்தக் கம்பெனிக்கோ. தீபிகாவுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கி. அவள் எதிரில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லோர் காதும் இங்கேதான். அவள் தன் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். விஜய்குமார் எதிரிலேயே.

“டாக்டர், ஜோசபின் பேசறேன். ஞாயித்துக்கெழம ஒன்னேகால்லருந்து இன்னிக்குக் காலைல பத்து அஞ்சு வரைக்கும் உங்க பேஷண்ட் பதிவேடு வெளியில எல்லாருக்கும் தெறந்து கெடந்துது. இப்ப மூடியாச்சு.”

அந்தப் பக்கம் தொலைவில் ரக்ஷிதா யாரையோ நம்பர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

“யாராவது எடுத்தாங்களா?”

“எடுக்கல. ஒவ்வொரு வரியா பாத்துட்டேன். தட்டினாங்க, நெறைய தட்டினாங்க. உள்ள வரல.”

“யாரும்மா திறந்து வச்சது?”

“மூட வேண்டியவ நான் டாக்டர். முழுசா பாக்காம மூடிட்டேன்னு நெனச்சுட்டேன்.”

“நான் என் பேஷண்டுங்களுக்கு என்ன சொல்லட்டும்?” அவர் குரலில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. “முப்பது வருஷமா என்ன நம்பி வராங்க.”

“இப்ப நான் சொன்னதச் சொல்லுங்க. எத்தன மணிலருந்து எத்தன மணி வரைக்கும்னு சேத்துச் சொல்லுங்க.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார். பிறகு அவர் செய்ததுதான் சுவரில் ஒட்டியிருக்கிற காகிதம்.

விஜய்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “ஏன் இப்படிப் பண்ணீங்க” என்று இரண்டு முறை கேட்டான். அதட்டலாகக் கேட்கவில்லை. “கொஞ்சம் பொறுத்திருந்தா நானே பேசியிருப்பேன். இப்ப மேல என்ன சொல்றது? உங்கள வச்சிக்கிட்டா என்னக் கேப்பாங்க.”

“வேணாம் விஜய். நாளைக்கு வர வேணாம்னு சொன்னீங்க. நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே போறேன்.”

அவள் உட்கார்ந்து, தனக்கிருந்த எல்லாச் சாவிகளையும், அதாவது அந்த டேட்டாபேஸில் தன் பெயருக்கிருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். டிஸ்க்கில் இருந்த காப்பியை அவன் எதிரிலேயே துடைத்து, வெறும் டிஸ்க்கை அவன் மேஜையில் வைத்தாள். பிறகு அந்தப் பட்டியலைக் கடைசியாகத் திறந்தாள். இந்த முறை முழுப் பட்டியலையும், மேலிருந்து கீழ் வரை. ஒரு வரியும் இல்லை. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“நீங்களும் பாத்துக்கங்க.”

அவன் பார்த்தான். தலையாட்டினான்.

அவள் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்ட தாள் அவன் மேஜையில்தான் கிடந்தது. அதை அவன் கிழிக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றரை மணிக்கு ஜோசபின் கீழே இறங்கி வந்தாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் உள்ள சட்டம். காவலர் ராய்ச்சூர்க்காரர், தினமும் அவளுக்கு நமஸ்காரம் சொல்கிறவர். சங்கடத்தோடு பையை வாங்கித் திறந்தார். டீ குடிக்க வந்த ஸ்னேஹா அப்போதுதான் தூண் பக்கத்தில் நின்றாள். ஜோசபின் அவளைப் பார்த்தாள். ஸ்னேஹா போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பையில் சாப்பிடாத டிபன் டப்பா, ஒரு குடை, தீபிகாவின் போட்டோ, அந்தப் பித்தளை வில்லை. காவலர் வில்லையை விரலில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்துபோன 317.

“இது ஏனு மேடம்? ஆபீஸ்தா?” என்னது என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆபீஸ்து இல்லண்ணா. எங்க ஊர்து.”

அவர் அதை டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துப் பையை மூடிக் கொடுத்தார். ஜோசபின் தன் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவள் வெளியே போய் இரண்டடி தள்ளி நின்று, அது மறுபடி மூடிக்கொள்கிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய பிறகு மெட்ரோ பக்கம் நடந்தாள்.